வேப்பிலைக்குக் கெடு உண்டு

அந்தப் பாட்டி வெற்றிலை போடுபவர். முகக்கவரி மாட்டிக்கொண்டு வெற்றிலை போட முடியாது. பினாங்கில், சுங்கை பினாங் சாலையிலிருந்து கிளை பிரியும் சந்து ஒன்றில், இரண்டு வரிசை வீடுகளின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிய முதியோர் இல்லத்தில் 2020 இன் பிற்பாதி முழுக்க நடந்த சச்சரவு இவ்வளவுதான். இந்தோனேசியப் பணிப்பெண் காலையில் வந்து "நேனேக், மாஸ்க்" என்று காதில் மாட்டிவிடுவார். அவர் அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் அது தாடைக்கு இறங்கிவிடும். பாக்கு கன்னத்தில் ஒதுங்கிவிடும். பத்து மணிக்கு வரும் மேற்பார்வையாளர் முதல் நாள் அலறியே விட்டார். நீலத் துணியெங்கும் சிவப்பு. ரத்த வாந்தி என்று நினைத்து ஆம்புலன்ஸுக்கு ஃபோனை எடுத்தவரிடம் பாட்டி, "ஒண்ணுமில்ல, சுண்ணாம்பு கூடிப்போச்சு" என்றார்.

குறிப்பேட்டில் அவர் பெயருக்கு எதிரே "ஒத்துழைப்பதில்லை" என்று ஏறியது. நண்பர் ஒருவரின் தாயார் அதே இல்லத்தில் இருந்ததால், கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்தேன். மலாயில் பினாங் என்றால் பாக்கு, சுங்கை என்றால் ஆறு. தண்ணீர்மலைப் பக்கமிருந்து இறங்கும் ஆயர் தெர்ஜுன் ஆறும் ஆயர் ஈத்தாம் ஆறும் கலந்து கடலுக்குப் போகும் அந்தப் பாக்காற்றின் கரையில், பாக்கு மென்றதற்காக ஒருவர் குற்றவாளியானார்.

பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் முதியோர் இல்லங்களுக்கு எழுதப்பட்ட கையேடுகள் பலவும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன: இவர்களை விதிகளுக்கு இணங்க வைப்பது எப்படி? கேள்வியைக் கேட்டவர்களின் பயம் நியாயமானது. மலேசியாவில் கோவிட்-19 பலிகொண்டவர்கள் 37 ஆயிரத்தைத் தாண்டினார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். ஒரே கூரையின் கீழ் இருபது முதியவர்களை வைத்திருப்பவர் அந்த நாட்களில் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது. ஆனாலும் கேள்வியில் ஒரு கோணல் இருக்கிறது. ஆபத்து முதியவரின் பிடிவாதத்திலிருந்து வருகிறது என்று அது முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது.

ஆபத்து எந்த வழியாக வந்தது என்பதற்கு ஆரம்பத்திலேயே சான்று கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிர்க்லண்ட் நகரின் லைஃப் கேர் சென்டர் என்ற பராமரிப்பு இல்லத்தில் 2020 பிப்ரவரி இறுதியில் தொற்று வெளிப்பட்டது. மார்ச் 18 வரையிலான கணக்கில் அந்த இல்லத்தோடு தொடர்புடைய தொற்று 167. அதில் இல்லவாசிகள் 101, பணியாளர்கள் 50, பார்க்க வந்தவர்கள் 16. தொற்றிய இல்லவாசிகளில் மூவரில் ஒருவர் இறந்தார். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் காரணங்களைத் தேடியபோது கண்டவை: உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்த பணியாளர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தவர்கள், போதாத பாதுகாப்பு உடைகள், தாமதமான பரிசோதனை. முதியவர் சொல்பேச்சு கேட்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதே வட்டாரத்தின் வேறோர் இல்லத்தில் 76 பேரைப் பரிசோதித்ததில் 48 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பரிசோதனை நாளில் இருமல்கூடக் கிடையாது. காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை நெற்றியில் நீட்டிக்கொண்டிருந்த நம் வாசல்களை இந்த எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

சம்பளம் போதாமல் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. வீட்டை இல்லமாக்கியதும் இங்கே சகஜம். பினாங்கில் தனியார் முதியோர் இல்லங்கள் பல, குடும்பம் குடியிருந்த பழைய பங்களாக்களிலும் வரிசை வீடுகளிலும் நடக்கின்றன. இவற்றைச் சமூக நல இலாகா 1993 ஆம் ஆண்டின் பராமரிப்பு மையங்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்கிறது. பதிவுக்கே போகாதவையும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் தொற்று வந்தாலும் அதிகாரியைக் கூப்பிடத் தயங்குவார்கள். நான் சொன்ன இல்லத்தில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சக்கர நாற்காலி நுழையும், திரும்பாது. சுவரில் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு மீட்டர் இடைவெளி விடச் சொல்லும் தாள் ஒட்டியிருந்தது. கூடல் இடைவெளி என்று வானொலியில் நாள் முழுக்கச் சொன்னார்கள். நல்ல சொல்தான். ஆனால் அதைக் கடைப்பிடிக்க முதலில் இடம் வேண்டும். நிறைவேற்ற முடியாத விதியைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, நிறைவேற்றக்கூடிய விதியின் மேலும் மரியாதை போய்விடுகிறது.

வெளியுலகில் விதிக்குப் பின்னால் அபராதம் நின்றது. 1988 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆயிரம் ரிங்கிட். 2021 மார்ச் 11 முதல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் தனிநபருக்குப் பத்தாயிரம் வரை. வாசற்படியே தாண்டாத பாட்டிக்கு யார் அபராதம் எழுதுவது? இல்லத்துக்குள் அந்த இடத்தை மிரட்டல் பிடித்துக்கொண்டது. "போலீஸ் வரும்." "ஆஸ்பத்திரியில தனியாப் போட்டுருவாங்க." மிரட்டல் அன்றைக்கு வேலை செய்யும். மறுநாள் உண்மையிலேயே காய்ச்சல் வந்தால் வெளியில் சொல்லவிடாமல் தடுப்பதும் அதே மிரட்டல்தான்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிரதமர் முகிதீன் யாசின் 2020 மார்ச் 16 இரவு அறிவித்தார். 18 ஆம் தேதி அமலுக்கு வந்தது. மார்ச் 31 வரை என்றார்கள். பிறகு ஏப்ரல் 14, பிறகு ஏப்ரல் 28, பிறகு மே 12. நடுவே மே 4 இல் நிபந்தனையுடன் கூடிய ஆணை, ஜூன் 10 இல் மீட்சிக்கால ஆணை. வெளியே இருந்தவர்களுக்கு ஒவ்வொரு பெயர் மாற்றத்திலும் ஏதோ ஒரு கதவு திறந்தது: கோப்பிக்கடை, சலூன், அப்புறம் நான்கு நம்பர் லாட்டரிக் கடை. நான் பார்த்த இல்லத்தில் எல்லாப் பெயர்களுக்கும் ஒரே பொருள்தான். கம்பிக் கதவு பூட்டியிருக்கிறது. "இன்னும் ரெண்டு வாரம்" என்ற சொல்லை முதல் முறை பாட்டிகள் நம்பினார்கள். நான்காம் முறை சிரித்தார்கள்.

ஊரடங்கு இவர்களுக்குப் புதிதில்லை. 2020 இல் எண்பத்தைந்து வயதானவர், 1941 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் மேல் ஜப்பானிய குண்டுகள் விழுந்தபோது ஆறு வயதுக் குழந்தை. 1948 இல் அவசரகாலம்: தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி, பொழுது சாய்ந்தால் வெளியே நடமாட்டம் கூடாது. 1967 நவம்பரில் பினாங்கு ஹர்த்தாலில் ஊரடங்கு, 1969 மே மாதத்தில் மறுபடியும். அவர்களுடைய தாய் தகப்பன் தலைமுறையில் கப்பலில் வந்திறங்கியவர்களுக்கு ஜெரஜாக் தீவுத் தடுப்பு முகாம் தெரியும்; வரிசையில் நிற்கவைத்து எண்ணிப் பார்த்து மருந்தடித்து அனுப்பிய கதைகள் குடும்பங்களில் உண்டு. அடைந்து கிடப்பதில் இத்தனை அனுபவமுள்ளவர்களிடம் "அதை எப்படித் தாங்கினீங்க?" என்று யாராவது கேட்டிருக்கலாம். நான் பார்த்தவரை கேட்கவில்லை. பாடம் நடத்தத்தான் வந்தார்கள்.

தமிழ் வீட்டுக்கு அதைவிட நெருக்கமான ஓர் அனுபவம் இருக்கிறது: அம்மை. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியதும் தெருவுக்கே சேதி போய்விடும். வெளியாள் படியேற மாட்டார். வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. ஆண்கள் சவரம் செய்துகொள்ள மாட்டார்கள். கல்யாணம் காதுகுத்துக்குக் குடும்பமே போகாது. படுத்திருப்பவரைத் தனியே விட்டுவிடவும் மாட்டார்கள். ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பங்குழையால் தடவிக்கொண்டிருப்பார். இளநீர், கூழ். பிறகு மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். கொத்தை எடுத்துவிடுவார்கள். குவீன் தெரு மாரியம்மன் கோவிலுக்கு, 1833 இலிருந்து அங்கே இருக்கும் அந்தத் தாயிடம், போய் மாவிளக்கு வைத்துவிட்டு வந்தால் முடிந்தது.

இதை அறிவியல் என்று நான் சொல்லவில்லை. பெரியம்மையை வேப்பிலை ஒழிக்கவில்லை. தடுப்பூசி ஒழித்தது, 1980 இல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. இதே விலக்கும் தீட்டும்தான் பெண்களையும் சில சாதிகளையும் கொல்லைப்புறத்தில் நிறுத்திவைக்கவும் பயன்பட்டன. அந்தக் கணக்கு தனி. ஆனால் அபராதம் இல்லாமல், போலீஸ் இல்லாமல், எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் இத்தனை கடுமையான விதிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்தார்கள். ஏன் என்று யோசிக்கும்போது மூன்று விஷயங்கள் கண்ணில் படுகின்றன. விதி நோயாளிக்கு மட்டும் இல்லை. தாளிக்காத குழம்பை வீடே சாப்பிட்டது. படுத்திருப்பவர் தாழ்ந்துபோகவில்லை, ஆத்தா வந்திருக்கிறாள் என்று குரல் தணிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கு ஒரு கெடு இருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் தெரிந்தால் மனிதர்கள் எதையும் பொறுத்துக்கொள்வார்கள். முதியோர் இல்லத்தில் பெருந்தொற்று விதி இந்த மூன்றையும் இழந்து வந்து நின்றது. பணியாளர் பாசாருக்குப் போய்வர, முதியவர் மட்டும் அடைந்து கிடந்தார். வயதின் மரியாதை "ரிஸ்க்" என்ற சொல்லாகச் சுருங்கியது. கெடுவோ தள்ளிக்கொண்டே போனது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2020 பிப்ரவரியில் லான்செட் இதழில் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். சார்ஸ், எபோலா முதலிய முந்தைய தொற்றுகளில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் மனநிலையை அது அலசியது. நீண்டுபோகும் காலம், சலிப்பு, போதாத தகவல் ஆகியவை மனத்தை அதிகம் வதைத்தன என்றது. தேவைக்கு மேல் நீட்டாதீர்கள், சொன்ன தேதியை இயன்றவரை மாற்றாதீர்கள், ஏன் என்று விளக்குங்கள் என்று பரிந்துரைத்தது. இதைத்தான் நம் ஆத்தாக்கள் வேப்பிலையில் எழுதி வைத்திருந்தார்கள்.

முகக்கவரி விஷயத்தில் பினாங்கு பெருமைப்பட்டுக்கொள்ளலாம், கொஞ்சம் வெட்கமும் படலாம். துணி முகக்கவரியைத் தொற்றுநோய்க்கு எதிராகப் பெரிய அளவில் முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவரான டாக்டர் வூ லியன் தே 1879 இல் இந்த ஊரில் பிறந்தவர். பினாங்கு ஃபிரீ ஸ்கூல் மாணவர். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். 1910 இன் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது சீன அரசு அவரை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. அந்தப் பிளேக் ஏறக்குறைய அறுபதாயிரம் பேரைக் கொன்றது. நோய் மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று சொல்லி, காஸ் துணியில் பஞ்சு வைத்து அடுக்கிய முகக்கவரியை அவர் எல்லோரையும் அணியச் சொன்னார். அனுபவமிக்க பிரெஞ்சு மருத்துவரான மெனி அதை ஏற்கவில்லை. வயதில் இளைய சீன மருத்துவர் தனக்குச் சொல்வதா என்ற எரிச்சலும் இருந்தது. முகக்கவரி இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் இறந்தார். டாக்டர் வூ 1960 இல் பினாங்கிலேயே காலமானார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பொதுவாக முகக்கவரியின் வெற்றிக்காகச் சொல்வார்கள். எனக்கு மெனிதான் முக்கியம். அவருக்கு அறிவு குறைவில்லை, நோயைப் பற்றிய தகவல் குறைவில்லை. சொன்னவரின் மேல் நம்பிக்கை இல்லை, சொன்ன விதத்தில் தன் மதிப்பு குறைந்ததாக நினைத்தார். இத்தனை படித்தவருக்கே அப்படியென்றால், தன் பேத்தி வயதுப் பெண் "நல்ல பிள்ளைல்ல, வாய மூடிக்கோ" என்று தாடையைப் பிடித்துத் தூக்கும்போது எண்பது வயதுக்காரர் என்ன செய்வார்?

முதியவரைக் குழந்தையாக்கிப் பேசுவது அன்பில் வருவதுதான். அதற்கு விலை இருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழுவினர் மறதிநோய் உள்ள இல்லவாசிகளோடு பணியாளர்கள் பேசுவதைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2009 இல் வெளிவந்தன. குழந்தைப் பேச்சு பேசியபோது முதியவர் கையைத் தட்டிவிடுவதும் முகத்தைத் திருப்புவதும், சாதாரணமாகப் பேசியதைவிட ஏறக்குறைய இருமடங்கு நிகழ வாய்ப்பிருந்தது. தமிழில் இதைக் கண்டுபிடிக்கப் படக்கருவி தேவையில்லை. "போடுங்க" எப்போது "போடு" ஆகிறது என்று காது கொடுத்தால் போதும். பெற்ற பிள்ளைகள் ஒருமையில் பேசலாம், சண்டையும் போடலாம். அந்த உரிமை வேறு. சம்பளத்துக்கு வந்தவர் ஒருமையில் பேசினால் பாட்டிக்கு ஒரே பொருள்தான்: நான் இங்கே யாருமில்லை.

மொழி இன்னொரு சுவர். தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பாட்டி பாசார் மலாய் பேசுவார். பணிப்பெண்ணின் மலாய் ஜாவா வாசனையடிக்கும். இரண்டும் சந்திப்பது பாதி வார்த்தையிலும் பாதி உதட்டசைவிலும்தான். முகக்கவரி உதட்டை மறைத்ததும் பாதி போயிற்று. காது மந்தமானவர்களுக்கு மீதிப் பாதியும் போயிற்று. செவிக்கருவி மாட்டியவருக்குக் காதுக்குப் பின்னால் முகக்கவரியின் வாரும் கருவியும் சிக்கிக்கொள்ளும். முகக்கவரியைக் கழற்றினால் கருவியும் சேர்ந்து தரையில் விழும். நண்பரின் தாயார் அப்படி ஒன்றைத் தொலைத்த பிறகு முகக்கவரியைத் தொடவே மறுத்தார். குறிப்பேட்டில் இவருக்கும் அதே ஒற்றைச் சொல். அவருடைய மகள் இரண்டு பொத்தான் தைத்த தலைப்பட்டை ஒன்று செய்து கொடுத்தனுப்பினார். வார் காதைவிட்டு பொத்தானுக்குப் போனது. மறுப்பு அன்றே நின்றது. மறதிநோய் முற்றியவர்கள் பின்னால் கற்ற மொழியை முதலில் இழந்து, தாய்மொழிக்குத் திரும்புவது மருத்துவர்கள் அறிந்த விஷயம். அவர்களிடம் விதியை விளக்கிப் பயனில்லை. கூடவே நடந்து, தானும் கைகழுவிக் காட்டி, "வாங்க, கை கழுவுவோம்" என்று தமிழில் சொன்னால் கை தானாக நீளும்.

விதிகளும் தம் பங்குக்கு நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டன. முதலில், உடம்பு சரியில்லாதவர் மட்டும் முகக்கவரி அணிந்தால் போதும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை 2020 ஜூன் 5 இல் மாற்றியது. மலேசியாவில் ஆகஸ்ட் 1 முதல் கூட்டமான பொது இடங்களில் கட்டாயம். அறிவியல் இப்படித் திருத்திக்கொண்டுதான் வளரும். ஆனால் "நேத்து வேணாம்னீங்க, இன்னிக்கு போலீஸ்ங்கிறீங்க" என்று கேட்டவரிடம், "அப்போ எங்களுக்கும் தெரியல ஆயா, இப்பதான் தெரிஞ்சது" என்று ஒருவராவது சொல்லியிருந்தால் பாதிப் பிடிவாதம் கரைந்திருக்கும். அந்த ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை. விதி ஆதியிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல் பேசினார்கள்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று மீன்குழம்பு. தீபாவளி 2020 நவம்பர் 14 இல் வந்தது. அந்த வாரம்தான் பினாங்கில் மறுபடி நிபந்தனை ஆணை. மகள்கள் தூக்குச் சட்டியோடு கம்பிக் கதவுக்கு வந்தார்கள். வெளிச்சாப்பாடு கூடாது, சட்டியில் கிருமி இருக்கும் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், பொருட்களைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது. காற்றில் பரவுவதை உலக சுகாதார நிறுவனமும் அந்த மாத இறுதியில் தெளிவாக எழுதியது. ஆக, மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த விதி மிகக் குறைந்த பயனுள்ளது. அதே காலம் முழுக்கக் கொசுவுக்குப் பயந்து சன்னல்கள் சாத்தியே இருந்தன. முதியவருக்கு அந்தக் குழம்பில் என்ன இருந்தது என்று விதி எழுதியவர் யோசிக்கவில்லை. இல்லத்துச் சமையலில் தேங்காய்ப்பால் சேர்க்க மாட்டார்கள். மகள் இன்னும் நினைக்கிறாள் என்பதற்கு வேறு அத்தாட்சியும் இல்லை. அடுத்த தைப்பூசம், 2021 ஜனவரி 28, இரண்டாவது நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வருடா வருடம் ரதத்துக்குத் தேங்காய் உடைத்தவர்கள் அன்று மின்னல் பண்பலையின் பக்திப் பாடல்களைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வேறு வழி இருந்ததா? நெதர்லாந்து 2020 மார்ச் 20 இல் பராமரிப்பு இல்லங்களுக்குப் பார்வையாளர் வருவதைத் தடை செய்தது. மே மாதம் 26 இல்லங்களில் மட்டும் சோதனையாகத் திறந்து பார்த்தார்கள்: ஒருவருக்கு ஒரே பார்வையாளர், வகுத்துக் கொடுத்த நடைமுறை, கூடவே ஆய்வாளர்கள். முதல் வாரங்களில் அதனால் புதுத் தொற்று வரவில்லை. இல்லவாசிகள் முகம் தெளிந்ததைப் பணியாளர்களே சொன்னார்கள். "எப்போதும் கூடாது" என்பதைவிட "இந்த நாள், இந்த ஒருவர், இந்த நாற்காலி" என்பது எளிதாகக் கடைப்பிடிக்கக்கூடிய விதி. அதில் கெடு இருக்கிறது, முறை இருக்கிறது, எதிர்பார்க்க ஒரு நாள் இருக்கிறது.

முதியோர் இல்ல ஆய்வுகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது எலன் லாங்கர், ஜூடித் ரோடின் ஆகியோர் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் செய்து 1976 இல் வெளியிட்டது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை நீங்களே ஒழுங்கு செய்யலாம், படம் பார்க்கும் நாளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், இந்தச் செடிக்கு நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார்கள். இன்னொரு மாடியில் அதே செடி, அதே படம்; எல்லாவற்றையும் பணியாளர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். முதல் மாடிக்காரர்கள் அதிகம் நடமாடினார்கள், அதிகம் பேசினார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 47 பேரில் 7 பேரும், மற்றதில் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தார்கள். சின்னஞ்சிறு ஆய்வு; இறப்புக் கணக்கின் புள்ளியியலில் பிறகு திருத்தமும் வந்தது. செடி உயிரைக் காப்பாற்றியது என்று அதை வைத்துச் சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் முதல் பாதியை, பொறுப்பு கொடுத்தால் மனிதர் நிமிர்ந்து உட்காருகிறார் என்பதை, எந்த இல்லத்திலும் ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம்.

தேர்வைக் கையில் கொடுப்பதன் பலன் தடுப்பூசியிலும் தெரிந்தது. அஸ்ட்ராஸெனகா ஊசி பற்றிய பயத்தால் 2021 ஏப்ரல் இறுதியில் மலேசியா அதைப் பொதுத் திட்டத்திலிருந்து விலக்கி, விரும்பியவர் பதிந்துகொள்ளலாம் என்றது. சிலாங்கூர், கோலாலம்பூரில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட இடங்கள் சில மணி நேரத்தில் தீர்ந்தன. பதிந்தவர்களில் இணையம் தெரிந்த இளையவர்கள் அதிகம். முதியோர் இல்லத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் "நீ போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்" என்றபோது சந்தேகத்தில் நின்ற அதே ஊசிக்கு, "வேண்டுமென்றால் வா" என்றதும் வரிசை நின்றது.

இல்லத்தில் பாட்டியின் வெற்றிலை வழக்கைத் தீர்த்தவர், 2021 இன் தொடக்கத்தில் வாரம் இருமுறை வந்துபோன ஒரு மிஸ்ஸி, அதாவது தாதி. தமிழ்ப்பெண், ஜெலுத்தோங்காரர். அவர் முகக்கவரி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பாட்டியின் கட்டிலோரம் உட்கார்ந்து, "ஒரு நாளைக்கு எத்தனை தடவ போடுவீங்க?" என்று கேட்டார். பாட்டி விரலை மடக்கி எண்ணி, நாலு என்றார். காலை கோப்பிக்குப் பின், சோற்றுக்குப் பின், சாயங்காலம், படுக்கும் முன். பின்கட்டில் குழாயடிக்குப் பக்கத்தில், காற்றோட்டமாக, தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நாலு வேளையும் அது பாட்டியின் இடம். வேறு யாரும் உட்காரக்கூடாது. மென்று துப்பி வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வரும்போது முகக்கவரி. எப்போது போகவேண்டும், எப்போது வரவேண்டும் என்பதெல்லாம் பாட்டியே வைத்த கணக்கு. பணிப்பெண்ணுக்கு "கொப்பளிங்க" என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தவரும் பாட்டிதான்.

அதற்கப்புறம் தொந்தரவு வேறு பக்கம் திரும்பியது. தன் முகக்கவரி மூக்குக்குக் கீழே இறங்காத பாட்டி, அடுத்த கட்டில்காரர்களை விரட்ட ஆரம்பித்தார். மேற்பார்வையாளரே ஒருநாள் வாங்கிக் கட்டிக்கொண்டார். குறிப்பேட்டில் அதற்கு என்ன எழுதினார்கள் என்று தெரியவில்லை.

மலேசியாவில் பெரும்பாலான மூடிய இடங்களிலும் முகக்கவரி விருப்பத்துக்கு விடப்பட்டது 2022 செப்டம்பர் 7 இல். அதற்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரோடு போனேன். கம்பிக் கதவு திறந்திருந்தது. தூக்குச் சட்டிகள் மேசையில் வரிசையாக இருந்தன. பாட்டி பின்கட்டு நாற்காலியில். என்னைப் பார்த்ததும் வலது கையை உயர்த்தி நிறுத்தினார். "எங்க ஒன்னோடது?" என்றார். விதி போயாச்சு ஆயா என்றேன். இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, சுண்ணாம்பு டப்பாவையும் சீவல் பொட்டலத்தையும் மடியில் எடுத்து வைத்துவிட்டு, அடியிலிருந்து நாலாக மடித்த ஒன்றை உருவி நீட்டினார். ஓரத்தில் லேசாகச் சிவந்திருந்தது. "தொவச்சதுதான்" என்றார்.